சளி, இருமலுக்கு சித்தா, ஆயுர்வேதம்: எது வேலை செய்கிறது? அரசுப் பணம் எதற்குப் போக வேண்டும்?

சென்னை திருவான்மியூரில் சிவனுக்கே மருந்தீஸ்வரர் என்று பெயர். அகத்தியருக்கு சிவன் மருத்துவத்தை உபதேசித்த இடம் இதுதான் என்கிறது தலபுராணம். அதே ஊரில், கல்கி கிருஷ்ணமூர்த்தி சாலையில், 'இம்ப்காப்ஸ்' என்ற பெயர்ப்பலகை உண்டு. சித்தா, ஆயுர்வேதம், யுனானி ஆகிய மூன்று முறை மருந்துகளையும் தயாரிக்கும் வைத்தியர்களின் கூட்டுறவு சங்கம் அது. 1944-இல் தொடங்கப்பட்டது.

கோயிலுக்குப் போவது அவரவர் நம்பிக்கை. அதற்கு யாரும் கணக்கு கேட்கப் போவதில்லை. ஆனால் ஒரு மருந்து மக்களின் வரிப்பணத்தில் வாங்கப்பட்டு அரசு மருத்துவமனையில் கொடுக்கப்பட்டால், இரண்டு கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். அது வேலை செய்கிறதா? அதற்குச் செலவாகும் பணம் நியாயமானதா?

சளி, இருமல், அஜீரணம், மலச்சிக்கல், லேசான காய்ச்சல் போன்ற 'சின்ன' தொந்தரவுகளில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது சுலபம் என்றுதான் தோன்றும். உண்மையில் அங்கேதான் அது மிகவும் கடினம்.

எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்?

மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு, 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை ஆயுஷ் மருத்துவம் பற்றித் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. முந்தைய ஓராண்டில் நோய் வராமல் தடுக்கவோ சிகிச்சைக்கோ ஆயுஷ் முறைகளைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் கிராமங்களில் சுமார் 46%, நகரங்களில் சுமார் 53%. கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவர்.

ஆனால் 2017-18-இல் நடந்த இன்னொரு மாதிரி ஆய்வு வேறு படத்தைக் காட்டியது. உடம்பு சரியில்லை என்று சிகிச்சைக்குப் போனவர்களில் சுமார் 95% பேர் நாடியது அலோபதியை.

இரண்டு ஆய்வுகளும் கேட்ட கேள்விகள் வேறு வேறு. ஆனாலும் சேர்த்துப் பார்த்தால் பல வீடுகளில் நடப்பது புரியும். கஷாயம், சுக்குக் காபி, தைலம், சூரணம் எல்லாம் முதல் இரண்டு நாளுக்கு. சரியாகவில்லை என்றால் 'டாக்டர்கிட்ட போயிடலாம்' என்பதுதான் வழக்கம். அதாவது மாற்று மருத்துவத்தின் பெரும் பயன்பாடு சின்ன நோய்களில்தான் இருக்கிறது.

சின்ன நோயில் என்ன சிக்கல்?

சாதாரண சளி 7 முதல் 10 நாளில் தானாகவே குறைந்துவிடும். அதைத் தொடர்ந்து வரும் இருமல் சிலருக்கு 3 வாரம்கூட நீடிக்கலாம். பெரும்பாலும் வைரஸ்தான் காரணம் என்பதால் உடம்பே அதைச் சமாளித்துக்கொள்கிறது.

மனிதர்கள் மருந்தைத் தேடுவது தொந்தரவு உச்சத்தில் இருக்கும்போது. மூக்கு அடைத்து, தொண்டை கரகரத்து, தூக்கம் வராத மூன்றாம் நாள் இரவில். உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறங்குமுகம்தான். அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டாலும் பெயர் அதற்குப் போய்விடும். 'மூணு நாள் கஷாயம் குடிச்சேன், சரியாயிடுச்சு' என்பதும், 'அந்த டாக்டர் மாத்திரை கொடுத்தார், ரெண்டே நாள்ல நின்னுடுச்சு' என்பதும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரியான சாட்சியங்கள். இரண்டையும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

இதற்கு ஒரே வழி ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். ஒரே மாதிரி நோயாளிகளை இரண்டு குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு மருந்து, இன்னொரு குழுவுக்கு அதே நிறம், அதே சுவையில் வெறும் பொருள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியக் கூடாது, மருத்துவருக்கும் தெரியக் கூடாது. முடிவில் எந்தக் குழு சீக்கிரம் தேறியது என்று பார்க்க வேண்டும். கசப்புக் கஷாயத்துக்கு இப்படி ஒரு போலி தயாரிப்பது கடினம்தான், ஆனால் முடியாத காரியம் அல்ல. மாத்திரையாகவோ கேப்ஸ்யூலாகவோ கொடுத்து இதைச் செய்திருக்கிறார்கள்.

அரசுப் பணம் எவ்வளவு, எங்கே போகிறது?

மத்திய அரசில் இந்திய மருத்துவ முறைகளுக்கும் ஹோமியோபதிக்கும் தனித் துறை 1995-இல் உருவானது. 2003-இல் அதற்கு 'ஆயுஷ்' என்று பெயர் மாற்றினார்கள். 2014 நவம்பரில் அது தனி அமைச்சகமானது.

2025-26 மத்திய பட்ஜெட்டில் ஆயுஷ் அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 3,993 கோடி ரூபாய். அதே ஆண்டு சுகாதார அமைச்சகத்துக்குக் கிடைத்தது சுமார் 99,859 கோடி ரூபாய். 140 கோடி மக்களுக்குப் பங்கு பிரித்தால் ஆயுஷுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 28 ரூபாய், சுகாதாரத்துக்கு 700 ரூபாய்க்குச் சற்று மேல். மாநில அரசுகள் செலவிடுவது தனி.

தமிழ்நாட்டில் இந்திய மருத்துவம் மற்றும் ஹோமியோபதிக்கு 1970 முதல் தனி துறை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்கள், தாலுகா மற்றும் மாவட்ட மருத்துவமனைகள் பலவற்றில் அலோபதிப் பிரிவு இருக்கும் அதே வளாகத்தில் சித்தா பிரிவும் உண்டு. பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் அரசு சித்த மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டும் செலவை மத்திய, மாநில அரசுகள் 60:40 என்றும், நடத்தும் செலவை 75:25 என்றும் பிரித்துக்கொண்டன.

மருந்து வாங்குவதில்தான் திருவான்மியூர் வருகிறது. 2014-இல் தொடங்கிய தேசிய ஆயுஷ் இயக்கத்தில், தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு 60%, மாநில அரசு 40% பணம் போடுகின்றன. மருந்துக்கான மானியத்தில் குறைந்தது 75%-ஐ அரசு நிறுவனங்கள், அரசு மருந்தகங்கள், கூட்டுறவு அமைப்புகள் ஆகியவற்றிடமே செலவிட வேண்டும் என்பது அதன் வழிகாட்டு விதி. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட இரண்டு பெயர்கள் முக்கியமானவை. ஒன்று, 1983-இல் மாநில அரசு தொடங்கிய 'டாம்ப்கால்' என்ற மூலிகை மருந்துக் கழகம். இன்னொன்று, திருவான்மியூரின் இம்ப்காப்ஸ்.

இந்த விவாதம் புதிதா?

இல்லை. சென்னையில் இதற்கு 100 வயது தாண்டிவிட்டது.

1918-இல் சென்னை மாகாண அரசு, நாட்டு மருந்துகளை ஆராய டாக்டர் கோமன் என்பவரை நியமித்தது. சில மருந்துகள் பயனுள்ளவை என்ற அவர், நாட்டு மருத்துவ முறைகளைக் கடுமையாக விமர்சித்தார். வைத்தியர்கள் கொதித்தெழுந்தார்கள். 'எங்கள் மருத்துவத்தை எங்களைக் கேட்காமல் எப்படி எடை போடலாம்?' என்பது அவர்கள் வாதம்.

அதன் பிறகு 1921-இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி அலோபதி படித்தவர். 1923-இல் வந்த உஸ்மான் குழு அறிக்கை இந்திய மருத்துவத்துக்கு அரசு ஆதரவு தர வேண்டும் என்றது. அதன் விளைவாக 1920-களின் நடுவில் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. சீனிவாசமூர்த்தி அதன் முதல் முதல்வர். பின்னர் அடையாறு நூலகத்தின் இயக்குநராகவும் இருந்தார். இம்ப்காப்ஸ் உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

அன்று இரண்டு தரப்பும் கேட்டது இன்றும் அப்படியே இருக்கிறது. ஒரு தரப்பு, 'சோதித்துக் காட்டுங்கள், பிறகு பணம்' என்கிறது. மறு தரப்பு, 'பணமே கொடுக்காமல் எப்படிச் சோதிப்பது?' என்கிறது. இரண்டிலுமே நியாயம் இருக்கிறது.

எதற்கு ஆதாரம் இருக்கிறது?

'சித்தா வேலை செய்யுமா?' என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஒவ்வொரு மருந்தையும், அது எந்த நோய்க்கு என்பதையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

நிலாவரை: சித்த மருத்துவத்தில் நிலவாகைச் சூரணம் என்றால் மலச்சிக்கலுக்கு. இதன் மூலப்பொருள் உலகச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா' என்று அழைக்கப்படுகிறது. டின்னவெல்லி என்பது நம் திருநெல்வேலிதான். இந்தச் செடியிலிருந்து எடுக்கப்படும் மருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இடம்பெற்றிருக்கிறது. ஆனால் மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் எடுக்கக் கூடாது.

இசப்கோல்: நார்ச்சத்தாக மலச்சிக்கலுக்கு உதவுவது நன்றாக நிரூபிக்கப்பட்டது. போதுமான தண்ணீரோடு குடிக்க வேண்டும்.

தேன்: இருமலுக்குத் தேன் ஓரளவு ஆறுதல் தரும் என்பதற்கு ஆய்வுகள் உள்ளன. பிரிட்டனின் அரசு வழிகாட்டுதலும் இதை ஏற்கிறது. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. பாட்டுலிசம் என்ற அரிதான, ஆபத்தான நச்சுத் தொற்று வரலாம்.

இஞ்சி, சுக்கு: குமட்டலைக் குறைப்பதற்கு, குறிப்பாக கர்ப்பகாலக் குமட்டலுக்கு, ஆதாரம் உண்டு. கர்ப்பிணிகள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுப்பது நல்லது.

ஆடாதோடை: அலோபதியில் சளியை இளக்கும் 'ப்ரோம்ஹெக்சின்' மருந்து, ஆடாதோடையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்து உருவாக்கப்பட்டது. மூலிகை ஒரு துப்புக் கொடுத்தது, ஆய்வகம் அதை வளர்த்தெடுத்தது.

ஹோமியோபதி: இங்கே நிலைமை வேறு. '30சி' என்று எழுதியிருந்தால், மூலப்பொருளை நூறில் ஒரு பங்காகக் கரைப்பதை 30 முறை செய்திருக்கிறார்கள் என்று பொருள். கடைசியில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 61 உடல்நலப் பிரச்னைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று 2015-இல் அறிவித்தது.

ஆக, 'ஆயுஷ்' என்ற ஒரே கூரையின் கீழ் இருப்பவை எல்லாம் ஒரே தரம் அல்ல. நிலாவரைக்குக் கிடைத்த நற்பெயரை ஹோமியோபதி உருண்டைக்குக் கொடுக்க முடியாது. அதேபோல் ஹோமியோபதி மீதான சந்தேகத்தை நிலாவரை மீது ஏற்றவும் முடியாது.

நிலவேம்புக் குடிநீர்: என்ன சர்ச்சை?

தமிழ்நாட்டில் அரசே முன்னின்று விநியோகித்த சித்த மருந்துகளில் அதிகம் பேசப்பட்டது நிலவேம்புக் குடிநீர். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என 9 பொருட்கள் சேர்ந்தது. 2012-இல் மாநிலத்தில் 12,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு பாதித்தபோது அரசு இதைப் பரவலாக விநியோகிக்கத் தொடங்கியது. 2020-இல் கொரோனா வந்தபோது 15 பொருட்கள் அடங்கிய கபசுரக் குடிநீருக்கு அந்த இடம் கிடைத்தது.

2017 அக்டோபரில் டெங்கு மறுபடி உச்சத்தில் இருந்தபோது, உரிய ஆராய்ச்சி முடியும்வரை நிலவேம்பு விநியோகத்தில் ஈடுபட வேண்டாம் என்று நடிகர் கமல்ஹாசன் தன் இயக்கத்தினரைக் கேட்டுக்கொண்டார். பெரும் சர்ச்சை வெடித்தது. பாரம்பரியத்தை அவமதிக்கிறார் என்றது ஒரு தரப்பு, ஆராய்ச்சி கேட்பது தப்பா என்றது மறு தரப்பு.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? நிலவேம்பு சளி, இருமல், தொண்டை வலியின் கடுமையைக் குறைக்கலாம் என்று 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கூறியது. அதில் சேர்க்கப்பட்ட பல ஆய்வுகளின் தரம் குறைவு என்பதையும் அதுவே குறிப்பிட்டது. அதாவது சாதாரண சளிக்கு ஓரளவு நம்பிக்கை தரும் சான்று இருக்கிறது.

ஆனால் டெங்கு வேறு. அது தரும் ஏமாற்றத்தைப் புரிந்துகொள்வது உயிரைக் காக்கும். டெங்கு காய்ச்சல் பொதுவாக 3 முதல் 7 நாளில் இறங்கும். 'கஷாயம் குடிச்சதும் காய்ச்சல் விட்டுடுச்சு' என்று வீட்டில் நிம்மதி வரும். ஆனால் காய்ச்சல் இறங்கிய பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் சிலருக்கு மிக ஆபத்தானது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் விழும் கட்டம் அது. 'சரியாகிவிட்டது' என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் அப்போது பெரிய தவறு. அங்கே காப்பாற்றுவது சரியான அளவில் ஏற்றப்படும் திரவமும் மருத்துவமனைக் கண்காணிப்பும்தான். குடிநீர் குடித்ததால் யாராவது மருத்துவமனைக்குப் போவதை ஒரு நாள் தள்ளிப்போட்டால், அந்த ஒரு நாள்தான் உண்மையான பக்கவிளைவு.

'இயற்கையானது, சைடு எஃபெக்ட் இல்லை' என்பது சரியா?

சரியல்ல. உடம்பில் வேலை செய்யும் எந்தப் பொருளும் வேண்டாத வேலையையும் செய்யக்கூடும்.

நிலவேம்பு அடங்கிய மருந்துகளால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்படலாம் என்று ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. கொரோனா காலத்தில் சீந்தில் கொடியை எதிர்ப்பு சக்திக்காக எடுத்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக 2021-இல் மும்பை மருத்துவர்கள் ஆய்விதழில் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவை மறுத்தது. அமெரிக்காவின் பாஸ்டன் கடைகளில் வாங்கப்பட்ட 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் போன்றவை இருந்ததாக 2004-இல் ஓர் ஆய்வு வெளியானது.

சட்டத்தில் இருக்கும் ஒரு விஷயமும் பலருக்குத் தெரியாது. பழைய நூல்களில் உள்ள முறைப்படியே தயாரிக்கப்படும் மருந்துக்கு உரிமம் பெற, அது வேலை செய்கிறது என்பதைப் புதிதாக மருத்துவ ஆய்வில் நிரூபிக்க வேண்டியதில்லை. சட்டம் அங்கீகரித்த நூலில் இருப்பதே போதும். எனவே பாட்டிலில் உரிமம் எண் இருந்தால் தயாரிப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று அர்த்தம். பலன் சோதிக்கப்பட்டது என்று அர்த்தம் இல்லை.

அப்படியானால் அலோபதி மட்டும் ஒழுங்கா?

சின்ன நோய்களைப் பொறுத்தவரை அங்கேயும் நிலைமை பெருமைப்படும்படி இல்லை.

வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் எந்த வேலையும் செய்யாது. ஆனால் 'ரெண்டு நாளைக்கு ஆன்டிபயாடிக் போடுங்க' என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குவது இன்னும் நிற்கவில்லை. லேசான காய்ச்சலுக்கும் வைரஸால் வரும் மூச்சுக்குழாய் அழற்சிக்கும் ஆன்டிபயாடிக் தர வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. தேவையில்லாமல் போட்டால், நிஜமாகத் தேவைப்படும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் சிரப். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6% இருந்தது தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் தெரியவந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து தரக் கூடாது, ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது.

தானாகவே சரியாகியிருக்கக்கூடிய ஒரு இருமலுக்குக் கொடுத்த மருந்து உயிரைப் பறித்தது. சிரப்போ, சூரணமோ, தரக் கட்டுப்பாடு தவறினால் விளைவு ஒன்றுதான்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

பிரிட்டன்: ஹோமியோபதி மருந்துகளைப் புதிதாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு 2017-இல் குடும்ப மருத்துவர்களிடம் கூறியது. ஆதாரம் இல்லாததற்குப் பொதுப்பணம் ஏன் என்பதே காரணம்.

பிரான்ஸ்: ஹோமியோபதிக்கு அரசுக் காப்பீட்டில் கிடைத்த தொகையை 30%-இலிருந்து 15%-ஆகக் குறைத்து, 2021 ஜனவரி முதல் முழுமையாக நிறுத்தியது.

சுவிட்சர்லாந்து: நேர் எதிர். 2009-இல் நடந்த வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் மாற்று மருத்துவத்துக்கு ஆதரவாக வாக்களித்தனர். மருத்துவர்கள் அளிக்கும் சில மாற்று சிகிச்சைகளுக்குக் கட்டாயக் காப்பீட்டில் இடம் உண்டு. அங்கே முடிவெடுத்தது ஆய்வகம் அல்ல, வாக்குப்பெட்டி.

தாய்லாந்து: நமக்கு மிகவும் நெருக்கமான உதாரணம். தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மூலிகைகளுக்கு ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். நம் நிலவேம்பு அதில் இருக்கிறது, எந்தத் தொந்தரவுக்கு என்பதையும் குறிப்பிட்டு. சாதாரண சளி அதில் ஒன்று. ஒட்டுமொத்த மருத்துவ முறைக்கு ஒப்புதல் தருவதற்குப் பதிலாக, மருந்து மருந்தாகப் பார்த்து முடிவெடுக்கும் வழி இது.

பணம் எதற்குப் போனால் பயன்?

முழுவதும் நிறுத்து என்பவர்களும் முழுவதும் கொடு என்பவர்களும் கவனிக்காத ஒன்று உண்டு. சின்ன நோய்க்கு மருந்தைவிட அதிகம் தேவைப்படுவது, 'இது தானா சரியாகிடும், பயப்படாதீங்க. ஆனா இந்த அறிகுறி வந்தா உடனே வாங்க' என்று சொல்லும் படித்த ஒரு ஆள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அலோபதி மருத்துவருக்கு ஒரு நோயாளியிடம் பேசக் கிடைப்பது ஓரிரு நிமிடம். அதே வளாகத்தில் ஐந்தரை ஆண்டு படித்த சித்த மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஆன்டிபயாடிக் கொடுக்காமல் ஒரு சளியைக் கடத்திவிட்டால் அதுவே பெரிய லாபம். ஆனால் அவருக்கு அபாய அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து அறைக்கு உடனே அனுப்பும் ஏற்பாடும் இருக்க வேண்டும்.

அந்த வகையில் அரசுப் பணம் மூன்று இடத்துக்குப் போவதை நியாயப்படுத்தலாம்.

• ஆய்வு: அரசு மருத்துவமனைகளில் அதிகம் தரப்படும் மருந்துகளை, நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் ஒப்பிடும் முறையில் சோதிப்பது. சளிக்கு ஓர் ஆய்வு முடிய ஆண்டுகள் ஆகாது, நோயே 10 நாள்தான். முடிவு எதுவானாலும் வெளியிட வேண்டும்.

• தரம்: அரசு வாங்கும் ஒவ்வொரு தொகுதி மருந்திலும் கன உலோகம், கலப்படம், கிருமி உண்டா என்று பார்ப்பது. வாங்குவது திருவான்மியூரிலிருந்தா, தனியார் ஆலையிலிருந்தா என்பதைவிட இது முக்கியம்.

• கண்காணிப்பு: பக்கவிளைவுகளைப் பதிவு செய்வது. ஆயுஷ் மருந்துகளுக்கான கண்காணிப்புத் திட்டத்தின் இடைநிலை மையங்களில் ஒன்று தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். இப்படி ஒரு வசதி இருப்பது நோயாளிகளுக்குத் தெரிந்தால்தான் புகார் வரும்.

சோதித்துப் பலன் இல்லை என்று தெரிந்த மருந்துக்குப் பணத்தை நிறுத்தும் துணிவும் வேண்டும். அந்தத் துணிவு இல்லாமல் ஆய்வுக்கு மட்டும் பணம் கொடுப்பது வெறும் சடங்கு.

வீட்டு வைத்தியம் போதாது என்று எப்போது தெரிந்துகொள்வது?

கஷாயமோ மாத்திரையோ, எதை எடுத்துக்கொண்டிருந்தாலும் இவை தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்:

• மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, உதடு நீலமாதல்
• 3 நாளைத் தாண்டும் காய்ச்சல், அல்லது 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும்
• காய்ச்சல் விட்ட பிறகு கடும் வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மிகுந்த சோர்வு
• வயிற்றுப்போக்கோடு சிறுநீர் குறைதல், குழந்தையின் கண் குழி விழுதல் (வழியிலேயே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள்)
• 2 வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல். காசநோய்ப் பரிசோதனை தேவைப்படலாம்

டெங்கு சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், ஐப்யூப்ரோஃபென் வேண்டாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கல்லீரல் அல்லது சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள், ரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள் எந்த மூலிகை மருந்தையும் கேட்காமல் எடுக்கக் கூடாது. எந்த மருத்துவரிடம் போனாலும், வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். 'கஷாயம்தானே, அதை எதுக்குச் சொல்லணும்' என்று விட்டுவிடுவதில்தான் பல சிக்கல்கள் ஆரம்பிக்கின்றன.